படத்தொடர் திரும்பி வந்துவிட்டதா? அடுத்து செய்ய வேண்டியது

அன்புள்ள அம்மா,

மகன் வரைந்து அனுப்பிய படத்தொடரை நாளிதழ்கள் வேண்டாம் என்றுவிட்டன, பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கட்டும், தப்பே இல்லை. ஆனால் வரைவதை விட்டுவிட்டுப் படி என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்தேன். கை நன்றாகவே ஓடுகிறது. திரும்பி வந்ததற்குக் காரணம் வேறு என்றுதான் எனக்குப் படுகிறது.

தம்பி ஐந்தாறு படங்கள் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்கள். நாளிதழ் ஆசிரியருக்கு ஒரு நல்ல ஜோக் போதாது. நாளைக்கும் வருமா, அடுத்த தீபாவளிக்கும் வருமா என்றுதான் அவர் பார்ப்பார். தினத்தந்தியில் ‘கன்னித்தீவு’ 1960-இல் தொடங்கிப் பல தலைமுறை வாசகர்களைக் கண்டுவிட்டது. இப்படிப்பட்ட தொடர்களை வாங்கிப் பல பத்திரிகைகளுக்கு விநியோகிக்கும் அமெரிக்க நிறுவனங்கள், புதியவரிடம் முதலிலேயே 24 ஸ்ட்ரிப் (ஒரு நாளைக்கு ஒன்றாக வரும் படவரிசை) போலக் கேட்பது வழக்கம். அதே கணக்கைத் தம்பியும் வைத்துக்கொள்ளட்டும். அதே ஆட்கள், அதே வீடு, 24 நாள். கைவசம் இருக்கும் ஜோக்குகள் பத்தாவது படத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்த ஆட்களின் சுபாவத்திலிருந்துதான் சிரிப்பு வர வேண்டும். வந்தால் அது தொடர்.

அமெரிக்கப் படத்தொடர் ஓவியர் பில் வாட்டர்சனைப் பற்றித் தம்பியிடம் சொல்லுங்கள். 1980-இல் அரசியல் அறிவியல் பட்டம் வாங்கிய கையோடு அமெரிக்காவில் ஒரு நாளிதழில் கார்ட்டூனிஸ்ட்டாகச் சேர்ந்தார். சில மாதங்களிலேயே வேலை போனது. பிறகு விளம்பரங்களுக்கு வடிவமைப்பு செய்து பிழைத்துக்கொண்டே தொடர்களாக வரைந்து அனுப்பினார். எல்லாம் திரும்பின. அவற்றில் ஒன்றைப் பார்த்த ஒரு விநியோக நிறுவனம், கதாநாயகனைவிட அவனுடைய குட்டித் தம்பியும் அந்தப் பிள்ளையின் பொம்மைப் புலியும்தான் எடுபடுகின்றன என்றது. அந்த இருவரையும் நடுவில் வைத்துப் புதிதாக வரைந்தார். யோசனை சொன்ன நிறுவனமே அதையும் மறுத்தது. வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1985 நவம்பர் 18 அன்று ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ என்ற பெயரில் அந்தத் தொடர் வெளிவந்தது. பழையதை அப்படியே இன்னொரு கவரில் போட்டு அவர் அனுப்பவில்லை. கோபத்தில் முழுவதையும் கிழித்துப் போடவும் இல்லை. தம்பியின் படங்களில் எனக்குப் பிடித்தவர், ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் வந்துபோகும் அந்த மீன்காரப் பாட்டி. அவரை வைத்து ஏன் தொடங்கக்கூடாது?

மற்ற படங்களில் வருகிற வீடு எந்த ஊர் வீடு என்றே தெரியவில்லை. நீங்கள் இருப்பது கடலூரில். ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் முள்ளோடை போனால் வேறு அரசு, வேறு பெட்ரோல் விலை. காலையில் அங்கே வேலைக்குப் போய் மாலையில் இங்கே திரும்புகிற குடும்பங்கள் எத்தனை! பாட்டி அந்த பஸ்ஸில் கூடையோடு ஏறினாலே மாதக்கணக்கில் விஷயம் கிடைக்கும். பாரதியார் 1908 முதல் 1910 வரை ‘இந்தியா’ வார இதழைக் கார்ட்டூன்களோடு புதுச்சேரியிலிருந்துதான் நடத்தினார். வரைகிற பிள்ளை பெருமைப்படத்தக்க மண் இது.

இன்னொன்று, எழுத்து. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பேச்சை எழுதும் பலூன் நிரம்பி முகத்தை மறைத்துவிடும். ஒரு பலூனில் ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் வேண்டாம். வரைந்ததை, பத்திரிகையில் வரும் அளவுக்கு ஜெராக்ஸில் சுருக்கி, கண்ணாடி போட்டுப் படிக்கிற ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் தடுமாறினால் திரும்ப எழுத வேண்டியதுதான். நெருக்கமான மெல்லிய கோடுகளும் குறையட்டும், நியூஸ்பிரிண்டில் மை பரவி அப்பிக்கொள்ளும். ஒரிஜினலை எப்போதும் வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஸ்கேனை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

வருமானம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. படத்தொடரை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. பாடநூல் ஓவியம், அனிமேஷன், விளம்பர வடிவமைப்பு என்று அதே கைக்குச் சோறு போடும் வேலைகள் உண்டு. ஓவியத்தை முறையாகப் படிக்க விரும்பினால் புதுச்சேரி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது; சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கேயும் இடம் கிடைக்காமல் போகலாம். பின்னாளில் புகழ்பெற்ற கார்ட்டூனிஸ்ட்டான ஆர்.கே. லக்ஷ்மணை மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளி சேர்த்துக்கொள்ளவில்லை என்பதைத் தம்பி தெரிந்து வைத்திருப்பது நல்லது.

யாராவது வாங்கிக்கொள்கிறோம் என்றால், கையெழுத்துப் போடும் முன் தாளை முழுக்கப் படியுங்கள். உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால், நம் பதிப்புரிமைச் சட்டப்படி அது 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். கதாபாத்திரத்தின் உரிமை யாரிடம் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

சரி, இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். பரீட்சைப் படிப்புக்குப் பகலை வைத்துக்கொண்டு, ராத்திரியில் ஒரு மணி நேரம் தம்பியை வரைய விடுங்கள். பாட்டியை வைத்து 24 படங்கள் முடிந்ததும், நாளிதழுக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் படங்களை முன்னால் வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.