எந்தப் பக்கம் வெட்டுறது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

உங்க செம்பவாங் ஜெட்டி (படகுத்துறை) கட்டுரை படிச்சுட்டு எழுதுறேன். எங்கப்பா தவறி ரெண்டு வருஷம் ஆகுது. அவரோட தூண்டில் ராடு ஒண்ணு ஸ்டோர்ரூம்ல கிடக்கு. பழைய ஃபைபர்கிளாஸ், பத்தடி, ரெண்டு துண்டா கழட்டலாம். நுனி வளையம் உடைஞ்சிருக்கு, லைன் ஓடுற வளையம், அதான் கைடு, ரெண்டு துருப்பிடிச்சிருக்கு. என் மகளுக்கு எட்டு வயசு, லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்துல சின்ன மீன் பிடிக்கணும்னு ஆசைப்படுறா. பழைய ராடை வெட்டி பேன்ஃபிஷ் ராடு செய்யுற வீடியோ நிறைய பாத்தேன். அப்பா கைபட்ட கார்க் கைப்பிடி அப்படியே இருக்கணும், அதனால மேல்பக்கத்தை வெட்டி அஞ்சடி ஆக்கிட்டா போதுமா? எந்தப் பசை நல்லது? லூர், அதான் செயற்கை இரை, என்ன கலர்ல வாங்கலாம்? பேசாம கடையில புதுசு வாங்கிடலாமேன்னு மனைவி சொல்றாங்க.

செ., யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள செ.,

வெட்டாதீங்க தம்பி. இதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த ரம்பத்தை உங்க மனைவி கையில குடுத்து வைங்க, அந்த வீட்டுல நிதானமா இருக்கிற ஆள் அவங்கதான்னு தோணுது.

போன வாரம் வீட்டுக்கு பெயின்ட் அடிக்க அலமாரியை நகத்துனப்ப பின்னாடிலேர்ந்து ஒட்டடைக்கோல் சாய்ஞ்சு என் தோள்ல விழுந்துச்சு. அது ஒரு காலத்துல எங்கப்பாவோட தூண்டில்கோல், அதை ஒட்டடைக்கோலா மாத்துன பாவம் என்னோடது. அந்த நினைப்புலயே ரெண்டு நாள் சுத்திக்கிட்டு இருந்தவன் கையில உங்க கடிதம் வந்து சேருது, நான் அப்ப செஞ்ச அதே தப்பை அளவெடுத்து எழுதி, செய்யட்டுமான்னு கேட்டு.

லூர் கலரை மீன்கிட்ட கேளுங்க. பசை, ரெண்டு டியூபா விக்கிற மெதுவா காயுற எபாக்சி, அவ்வளவுதான்.

பேன்ஃபிஷ்னா ஏதோ தனி ஜாதின்னு நினைக்காதீங்க. முழுசா ஒரு வாணலியில அடங்குற சின்ன மீனை எல்லாம் அமெரிக்காக்காரங்க அப்படிச் சொல்லுவாங்க, ப்ளூகில், க்ராப்பி இந்த மாதிரி. நமக்கு அந்த இடத்துல ஜிலேபி, அதாங்க திலேப்பியா, ஜப்பான்காரன் காலத்துல ஜாவாவுலேர்ந்து இங்க வந்து நம்மள மாதிரியே தங்கிட்ட மீன். இந்த அளவு மீனுக்குப் போடுற ஜிக், அதாவது ஈயத்தலை வச்ச தூண்டில்முள், 1/16 அவுன்ஸ் இருக்கும், கிராம்ல 1.8க்குக் கொஞ்சம் கம்மி. இப்ப புழக்கத்துல இருக்கிற 5 காசு 1.7 கிராம். ஒரு 5 காசை உள்ளங்கையில வச்சு கண்ணை மூடிப் பாருங்க, இருக்கிறதே தெரியாது. அந்தக் கனத்தை வீசுறதுக்கு வளையணும் உங்க மகளோட கோல். உங்கப்பாவோடது ஜெட்டியில நின்னு 2 அவுன்ஸ், 3 அவுன்ஸ் ஈயக்குண்டை எட்ட வீசுறதுக்கு வாங்குனது. அது எங்க வளையும்? நுனியில மட்டும்தான் இந்தச் சின்ன கனத்துக்கு வளையும். கோல்னா அடி தடிமன், நுனி மெலிசு, இது தெரியாத ஆளா நீங்க? மேல இருக்கிற அஞ்சடியை வெட்டி எறிஞ்சுட்டா மிச்சம் விளக்குமாத்துக் கட்டை. மீன் கடிக்கிறது மீனுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க பாத்த வீடியோவுல எவனாவது அப்படி வெட்டியிருந்தா அவன் வீடியோவுக்கு வெட்டினான், மீனுக்கு இல்ல.

எங்கப்பாவுக்கு செம்பவாங்ல வெள்ளைக்காரனோட கடற்படைத் தளத்துல, நேவல் பேஸ்ல, வேலை. 1968ல கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டு ஆச்சு, 1971 கடைசியில வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டுச்சு, கிளம்புறவங்க வீட்டுச் சாமானை வந்த விலைக்குக் குடுத்தாங்க. அப்பா 5 வெள்ளிக்கு ஒரு கண்ணாடியிழைக் கோல் வாங்கிட்டு வந்தார், தேன் கலர்ல, வெயில்ல பிடிச்சா உள்ள வெளிச்சம் ஊடுருவும். அந்தக் கோல் வந்ததுலேர்ந்து ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல கறி கிடையாது, மீன்தான். லைனைத் தங்கூசின்னுதான் சொல்லுவார், பக்கத்து வீட்டு மலாய் மாமா தாங்சிம்பார், ரெண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்றாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சுது. எனக்குப் பதினாலு வயசு இருக்கிறப்ப ஒருநாள் கதவைச் சாத்துறேன், நுனி இடுக்குல மாட்டி ஒரு சாண் உடைஞ்சு தொங்குது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். உடைஞ்ச இடம் பிசிறா இருக்கே, அழகா ஆக்குவோம்னு இன்னும் கீழ இறங்கி இறங்கி ஒன்றரை அடி வெட்டிட்டேன். நுனி வளையத்தைக் கழட்டி அந்த இடத்துல மாட்டப் பாத்தா ஏறல. எப்படி ஏறும், அந்த இடம் தடிமன். அப்பவாவது புத்தி வந்திருக்கணும். சவர பிளேடால கோலைச் சுரண்டிச் சுரண்டி, விரல்ல எல்லாம் கண்ணாடித் தூள் ஏறி அரிக்க அரிக்க, எப்படியோ ஏத்தி ஒட்டிட்டேன்.

ஞாயித்துக்கிழமை ஜெட்டிக்குப் போனோம். அப்பா இறாலைக் கோத்து வீசினார், கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னார், அப்புறம் கோலை என் கையில குடுத்தார். "கடிக்குதா பாரு." இல்லப்பான்னேன். சுத்தி இழுத்தா முள்ளுல இறால் இல்ல, கழுவி வச்ச மாதிரி இருக்கு. மறுபடி கோத்து வீசி என் கையில குடுத்தார். "இப்ப?" இல்லப்பா. மறுபடி வெறும் முள். மூணாவது தடவை நான் கோலை வாங்கவே இல்ல. அவர் திட்டல, அதுதான் தாங்கல. அடுத்த பொங்கலுக்கு முன்னாடி அந்தக் கோல்ல தென்னந்துடைப்பத்தைக் கட்டி மோட்டுவளையில ஒட்டடை அடிச்சார்.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு துண்டா கழட்டலாம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பத்தடி ரெண்டா கழண்டா மேல்துண்டு எவ்வளவு? உங்களுக்கு வேணுங்கிற அஞ்சடி ராடு ஏற்கெனவே தனியாத்தான் இருக்கு, நீங்கதான் அதை எறியப் பாத்தீங்க. உடைஞ்ச நுனி வளையத்தை லைட்டர்ல லேசா சூடு காட்டித் திருகுங்க, பசை இளகி வந்துடும், கோலைக் கருக்கிடாதீங்க. நுனி விரிசல் விட்டிருந்தா நல்ல இடம் வர்ற வரைக்கும் மட்டும் எடுங்க, டேப் சுத்தி, தண்ணி தொட்டு, சின்ன அரத்தால சுத்திவரத் தேய்ச்சு. மூக்குக்கு மாஸ்க் போடுங்க, கண்ணாடித் தூள் விளையாட்டு இல்ல.

பழைய பெரிய கைடு எல்லாத்தையும் எடுத்துடுங்க, அந்தக் கனமே நுனியைத் தொங்க வச்சிடும். அஞ்சடிக்குச் சின்னதா ஒத்தைக்கால் கைடு அஞ்சு போதும், நுனி வளையம் தனி, நுனிகிட்ட போகப் போக நெருக்கமா. கைடோட காலை முனையில அரத்தால சரிவாத் தேய்க்கணும், அப்பதான் நூல் தடுக்காம மேல ஏறும். நூல் கட்டுறதுக்கு மெஷின் எல்லாம் வேணாம். நூல்கண்டை ஒரு கோப்பையில போட்டு, நூலைத் தடிப் புத்தகத்துக்குள்ள விட்டு, மேல அரிசி டப்பாவை வைங்க. அப்பா இதுக்கு டெலிபோன் டைரக்டரி வச்சிருந்தார், இப்ப அதுக்கு எங்க போறது. மூணு நாலு சுத்து நூல் மேலயே நூல் ஏறி இறுகினதும் மிச்ச வாலை வெட்டிட்டு, நூலைச் சுத்தாம கோலை உருட்டுங்க, நகத்தால ஒவ்வொரு சுத்தையும் பக்கத்துச் சுத்தோட ஒட்டித் தள்ளிக்கிட்டே. கடைசி ஆறு சுத்துக்கு முன்னாடி ஒரு கண்ணி வச்சு அது மேல சுத்தி, நூல் நுனியை அதுல கோத்து உள்ள இழுத்துடணும். மேல எபாக்சி பூசினா காயுற வரைக்கும் கோலைத் திருப்பிக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா ஒரு பக்கமா வழிஞ்சு தொப்பை போட்டுடும். இந்த வேலையை மகள்கிட்ட விடுங்க, எட்டு வயசுப் பிள்ளைக்கு இதைவிடப் பெருமை கிடையாது, அரைமணி நேரத்துல ஓடிடுவா, அதுவும் சரிதான்.

கைப்பிடி. அப்பா கைபட்டதுன்னு எழுதுன வரியில கொஞ்ச நேரம் நின்னுட்டேன். அதுக்காகத்தான் ஒரே ஒரு வெட்டுக்குச் சம்மதிக்கிறேன். அடித்துண்டுல ரீல் மாட்டுற இடம் இருக்கே, ரீல் சீட்டு, அதுக்கு மேல நாலு விரல் விட்டு வெட்டுங்க. உள்ள குழாய், மேல்துண்டோட அடி அதுக்குள்ள லொடலொடன்னு போகும், மாஸ்கிங் டேப்பை ரெண்டு இடத்துல சுத்தி இடைவெளியை நிரப்பி எபாக்சி போட்டு இறக்கிடுங்க. அடியில ரொம்ப நீளமா இருந்து பிள்ளை முழங்கையில இடிச்சா அங்கயும் கொஞ்சம் குறைக்கலாம். எறியப்போறது நடுவை மட்டும்தான். கார்க் அவ கைக்குத் தடிமனாத்தான் இருக்கும். அதுக்காக அரத்தை எடுத்து இழைச்சிடாதீங்க, உங்கப்பா உள்ளங்கை அழுக்கு கருப்பா ஏறியிருக்கிறது அந்த மேல்தோல்லதான். ரெண்டு கையாலயும் பிடிக்கட்டும்.

4 பவுண்டு இழுவை தாங்குற லைன் போடுங்க. லோவர் சிலேத்தார்ல மண்புழு, இறால், ரொட்டின்னு எதையும் டப்பாவுல எடுத்துட்டுப் போயிடாதீங்க, 1986ல மறிச்சதுலேர்ந்து அது குடிதண்ணி நீர்த்தேக்கம், செயற்கை இரை மட்டும்தான், அதுவும் மீன் பிடிக்க விட்டிருக்கிற இடத்துல மட்டும்.

உங்க மனைவி சொல்றதுல ஒரு தப்பும் இல்ல. கைடு, நூல், எபாக்சி, அரம்னு வாங்கி முடிக்கிறப்ப புது ராடு இதைவிட மலிவா வந்திருக்கும். ரசீதை மட்டும் அவங்க கண்ணுல படாம வைங்க.