கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது மின்சாரக் காரின் பேட்டரி கூடுவது ஏன்?

கோலாலம்பூரிலிருந்து கெந்திங் ஏறும்போது மளமளவென்று குறையும் பேட்டரி, இறங்கும்போது கூடுகிறது. இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகிவிடுவதுதான் காரணம். ‘ரீஜென் பிரேக்’ என்பார்கள். பழைய சைக்கிள் டைனமோ மாதிரி: விளக்கு எரியும், சக்கரமும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். அந்த இழுவைதான் இங்கே பிரேக்.

1,800 கிலோ காரை 1,700 மீட்டர் உயர்த்த மட்டுமே சுமார் 8 கிலோவாட்-மணி வேண்டும். பெட்ரோல் காரில் இறங்கும்போது இதெல்லாம் வெறும் சூடாகத்தான் வீணாகும் (அந்தப் பிரேக் கருகல் வாடை தெரியாதவர் யார்!).

மலைமேல் 100 சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் இடமிருக்காது. பல கார்களில் இழுவை குறைந்துவிடும்.

ஏறச் செலவானது முழுதும் திரும்பிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். வராது, காற்றைத் தள்ளவும் மோட்டார் சூட்டிலும் போனது போனதுதான்.