கைகட்டி நின்றால் மரியாதையா? பள்ளிக் கால்பந்து: கேள்வி பதில்

மதுரையில் பள்ளிப் பசங்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறவன் நான். கேள்வி அனுப்புங்கள் என்றதும் ஃபார்மேஷன், டிரிப்ளிங் என்றுதான் கேட்பார்கள் என்று நினைத்தேன். வந்ததெல்லாம் பசங்களின் வாய், கோபம், பணிவு பற்றித்தான். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி (ஒரு அம்மா, திருநகர்): சார், பையன் ஒன்பதாவது படிக்கிறான். வீட்டில் அதிர்ந்து பேச மாட்டான். ஒருநாள் மேட்ச் பார்க்கப் போனேன். அவன் வாயில் வந்த வார்த்தைகளைக் கேட்டு எனக்குக் காது கூசிவிட்டது. கால்பந்து அவனைக் கெடுக்கிறதா?

பதில்: கால்பந்து கெடுக்கவில்லை அம்மா, கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் கெடுக்கிறார்கள். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பள்ளி மேட்ச் நடக்கும்போது ஒரு பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டுப் பெரியவர்களின் வாயைக் கவனியுங்கள். பழைய மாணவர்கள், சில அப்பாக்கள், சொல்லவே சங்கடமாக இருக்கிறது, சில பயிற்சியாளர்களும்தான். பசங்க அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

விதிப்படி பார்த்தால் கேவலமாகத் திட்டுவதற்கு மஞ்சள் அட்டைகூடக் கிடையாது, நேராகச் சிவப்புதான். பள்ளி ஆட்டங்களில் ரெஃப்ரிகள் காதில் விழாத மாதிரி விட்டுவிடுவதால் அது குற்றம் என்றே பலருக்குத் தெரிவதில்லை. பயிற்சி ஆட்டத்தில் நான் செய்வது இதுதான்: கெட்ட வார்த்தை வந்தால் பத்து நிமிடம் வெளியே. பதிலுக்கு ஆள் இறங்கக் கூடாது, அவன் அணி ஒருவன் குறைவாகத்தான் ஆட வேண்டும். இளையோர் ஆட்டங்களில் இப்படித் தற்காலிகமாக வெளியே அனுப்ப சர்வதேச விதிப்புத்தகமே இடம் தருகிறது. நான் ஒரு மணி நேரம் அறிவுரை சொல்வதைவிட, "உன்னாலதான்டா கோல் வாங்கினோம்" என்று கூட ஆடுகிறவன் ஒரு தடவை சொல்வது நன்றாக உறைக்கும்.

நீங்கள் மைதானத்தில் வைத்துத் திட்டாதீர்கள். ராத்திரி சாப்பிடும்போது, "நான் கேட்டேன்டா" என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர், மேலூர் பக்கம்): வேலைக்குப் புதிது. எங்கள் அணியின் நல்ல ஃபார்வர்டு இரண்டு நாளாகப் பயிற்சிக்கு வரவில்லை. நாளை குறுவட்டப் போட்டியில் அரையிறுதி. ஹெச்.எம். கோப்பையோடுதான் வர வேண்டும் என்கிறார். அவனை உட்கார வைப்பதா, ஆட வைப்பதா?

பதில்: முதலில் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா தம்பி? நம் பசங்களில் பலர் விடியற்காலையில் அப்பாவோடு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மூட்டை இறக்கிவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். பூட் கிழிந்து, அதைச் சொல்ல வெட்கப்பட்டு வராமல் இருந்தவர்களும் உண்டு. இவற்றையும் "சும்மாதான் சார்" என்று வருகிற பதிலையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

சும்மாதான் வரவில்லை என்றால் முதல் பாதி பெஞ்ச். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பதினைந்தாவது ஆளாக வந்து, தினமும் கோன் அடுக்கி, பந்துக்குக் காற்றடித்து, ஒரு மேட்ச்கூட ஆடாத பையன் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். நட்சத்திர ஆட்டக்காரனுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று அவனுக்குப் பட்டுவிட்டால், அதன் பிறகு நீங்கள் ஒழுக்கம் பற்றி என்ன பேசினாலும் அவன் காதில் ஏறாது. ஆனால் இந்த விதியை ஜூன் மாதமே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். அரையிறுதிக்கு முந்தின நாள் புதிதாகச் சட்டம் போட்டால் அது பழிவாங்கல் மாதிரி இருக்கும். நீங்கள் சொல்லவில்லை என்றால் இந்த முறை எச்சரித்து ஆட விடுங்கள், திங்கட்கிழமை எழுதி ஒட்டுங்கள்.

ஹெச்.எம்.மிடம் தோற்ற பிறகு போய் விளக்கம் சொல்லாதீர்கள், இன்றைக்கே சொல்லுங்கள். முன்னால் சொன்னால் முடிவு, பின்னால் சொன்னால் சாக்கு.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவர், அண்ணா நகர்): ரெஃப்ரி தப்பாக ஆஃப்சைடு கொடுத்தால்கூட வாயை மூடிக்கொண்டு போக வேண்டுமா சார்? தட்டிக்கேட்டால் திமிர் என்கிறார்கள்.

பதில்: கேட்கலாம். யார் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதுதான் விஷயம். 2024 யூரோ கோப்பையில் கேப்டன் மட்டும்தான் ரெஃப்ரியிடம் போய்ப் பேசலாம் என்று வைத்தார்கள். கேப்டன் கோலியாக (கோல்கீப்பர்) இருந்தால் மற்ற ஆட்டக்காரர்களில் ஒருவரை அதற்கென்று நியமித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் சூழ்ந்துகொண்டு கத்தினால் மஞ்சள் அட்டை. நம் பசங்களுக்கும் இதையேதான் வைத்திருக்கிறேன். கேப்டன் போவான், கையை ஆட்டாமல், "சார், கடைசி டிஃபெண்டர் அந்தப் பக்கம் நின்றார்" என்பான், திரும்பி வந்துவிடுவான். முடிவு மாறாது. ஆனால் அடுத்த முறை ரெஃப்ரி கொஞ்சம் கூர்ந்து பார்ப்பார்.

பள்ளிப் போட்டியில் கொடி பிடிக்கிறவர் பெரும்பாலும் இன்னொரு பள்ளியின் பி.டி. சார், இல்லையென்றால் ஒரு கல்லூரிப் பையன். வெயிலில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார். ரீப்ளே கிடையாது.

அட்டை வாங்கினால் என்ன ஆகும் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் ஒரே பிரிவில் ஆளுக்கு 4 புள்ளிகள். கோல் வித்தியாசம் சமம், அடித்த கோல்கள் சமம், இருவரும் மோதிய ஆட்டம் 2-2. கடைசியில் மஞ்சள் அட்டைகளை எண்ணினார்கள். ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. செனகல் ஊருக்குப் போனது.

கேள்வி (ஒரு அம்மா, வாடிப்பட்டி): கோச் என் பையனைப் பிரம்பால் அடித்திருக்கிறார், முட்டி போட வைத்திருக்கிறார். "அடிச்சாத்தான் ஆட்டக்காரன் ஆவான்" என்கிறார் என் வீட்டுக்காரர். நான் என்ன செய்ய?

பதில்: அடித்தது தப்பு, அதில் பேச்சுக்கே இடமில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு குழந்தைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. முதலில் கோச்சிடம் நேரில் பேசுங்கள், நிற்காவிட்டால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்று: அடி வாங்கிய பையன் கற்றுக்கொள்வது பிரம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். கோச் முன்னால் கைகட்டி நிற்பான், ரெஃப்ரி திரும்பியதும் எதிராளி காலை மிதிப்பான். அந்த மாதிரிப் பணிவை நிறையப் பார்த்தாகிவிட்டது. தண்டனைக்கு மைதானத்தைச் சுற்றி ஓட விடுவதும் எனக்குப் பிடிக்காது. ஓட்டம் இந்த ஆட்டத்தின் உயிர், அதைப் போய்த் தண்டனையாக்கினால் பையன் ஓட்டத்தையே வெறுப்பான். அதுவும் ஏப்ரல் மாத மதுரை வெயிலில், தண்ணீர் குடிக்க விடாமல் ஓடவிட்டால் ஆபத்து.

கேள்வி (பயிற்சியாளர், உசிலம்பட்டி பக்கம்): பசங்க கையில் கலர் கலராகக் கயிறு. களத்தில் தங்கள் ஆட்களுக்குத்தான் பாஸ் போடுகிறார்கள். வெளிப்படையாகப் பேசவே தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்காதீர்கள். வந்த கேள்விகளிலேயே பெரியது, சாதி பற்றிய இதுதான்.

கயிறு சுலபமான பகுதி. ஆட்ட விதி 4-இன்படி நகை, வளையம், தோல் பட்டை, ரப்பர் பேண்ட் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. மேலே டேப் ஒட்டி மறைத்துக்கொண்டும் ஆட முடியாது. எனவே "கோட்டுக்குள்ளே வருகிறாயா, கையில் ஒன்றும் இருக்கக் கூடாது" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. யாருடைய நிறம் என்ன என்ற விவாதத்துக்குள்ளேயே போக வேண்டியதில்லை. கோவில் கயிறு என்பான் ஒருவன், அதுவும் வெளியேதான். 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும், 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளிகளில் இந்த வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது.

பாஸ்தான் கஷ்டமான பகுதி. அதைப் பேச்சால் திருத்த முடியாது, பயிற்சியை மாற்றித்தான் திருத்த முடியும். வார்ம்-அப் ஜோடியைத் தினமும் நீங்களே பிரித்துவிடுங்கள், அவர்களைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். சின்ன ஆட்டங்களில், அணியில் எல்லோரும் ஒரு தடவையாவது பந்தைத் தொட்ட பிறகு அடிக்கிற கோல்தான் செல்லும் என்று வையுங்கள். முதல் வாரம் முனகுவார்கள். பிறகு, இதுவரை பந்தே கிடைக்காத லெஃப்ட் பேக் எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். வெளியூர் மேட்ச் என்றால் வேனில் யார் பக்கத்தில் யார் என்பதை நீங்கள் சொல்லுங்கள், சாப்பாட்டுக்கும் அப்படியே. ஒரே குடத்துத் தண்ணீர், ஒரே டம்ளர். யாராவது "நான் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறேன் சார்" என்றால் காரணம் சுத்தமா, வேறா என்று உங்களுக்கே புரியும்.

இதையெல்லாம் செய்தும் வேண்டுமென்றே பாஸ் போடாதவனை, அவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும், வெளியே எடுங்கள். காரணத்தை அவனிடம் தனியாகச் சொல்லுங்கள். ஊரிலிருந்து யாராவது பேச வருவார்கள். "பாஸ் போடவில்லை, எடுத்தேன்" என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவர், செல்லூர்): கோல் அடித்தால் ஜெர்சியைக் கழற்றிச் சுற்றலாமா?

பதில்: மஞ்சள் அட்டை. தவிர, அந்த ஜெர்சி பள்ளிக்கூடத்துடையது, அடுத்த வருடம் உன் தம்பி போட வேண்டும்.

கேள்வி (ஒரு அப்பா, திருமங்கலம்): மகன் போன மாதம் எதிராளியைப் பிடித்துத் தள்ளிச் சிவப்பு அட்டை வாங்கினான். பள்ளியில் "ரவுடி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்டத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் சார். பாவ்லோ டி கேனியோ என்று ஒரு இத்தாலியர் இங்கிலாந்தில் ஆடினார். 1998-இல் ரெஃப்ரியையே பிடித்துத் தள்ளி, 11 ஆட்டங்கள் தடை வாங்கினார். அதே ஆள் 2000 டிசம்பரில், எவர்ட்டன் கோலி அடிபட்டுக் கீழே கிடக்கிறார், ஆட்டம் சமநிலை, பந்து நேராக இவரிடம் வருகிறது, கோல் போஸ்டில் ஆளில்லை. பந்தைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். ஃபிஃபா அதற்காக நேர்மைக்கான விருது கொடுத்தது. ஒருநாள் கோபத்தை வைத்து ஒரு ஆளுக்கு முத்திரை குத்த முடியாது.

தடைக்காலத்தில் அவனை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். பயிற்சிக்குப் போகட்டும், மேட்ச் அன்று பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கட்டும். அவன் பிடித்துத் தள்ளிய அந்த எதிரணிப் பையனைப் பார்த்துக் கைகொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் கூடப் போக வேண்டாம், அது அவன் வேலை.

கேள்வி (ஒரு அப்பா, பெயர் ஊர் வேண்டாம்): 14 வயதுக்குட்பட்ட அணியில் சேர்க்க, பிறந்த தேதியைக் கொஞ்சம் மாற்றலாம் என்கிறார்கள். எல்லோரும் செய்கிறார்களாமே?

பதில்: செய்யாதீர்கள். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் முதிர்ச்சி தெரிந்துவிடும், மாட்டினால் மற்ற பசங்களின் ஒரு வருட உழைப்பும் போச்சு. மாட்டாவிட்டால் இன்னும் மோசம். பொய் சொல்லி ஜெயிக்கலாம் என்பதை அப்பாவே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு அவனிடம் நான் என்ன ஒழுக்கம் பேசுவது?

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி, திருப்பரங்குன்றம்): பசங்க மைதானத்தை விட்டுத் தருவதில்லை. நாங்கள் ஆடும்போது கோட்டில் நின்று கிண்டல் செய்கிறார்கள். பி.டி. சார் "கண்டுக்காதீங்கம்மா" என்கிறார்.

பதில்: கண்டுகொள்ள வேண்டியது உங்கள் சார்தான். எந்தக் கிழமை யாருக்கு மைதானம் என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கிண்டல் செய்தால் பதில் சொல்ல வேண்டியவன் பசங்க அணியின் கேப்டன், அந்தப் பட்டை கையில் இருப்பதே அதற்குத்தான். வாரத்தில் ஒருநாள் கலந்து ஐந்துக்கு ஐந்து ஆட விட்டால் கிண்டல் பாதி குறையும், பந்தைப் பறிகொடுத்தவனுக்குச் சிரிப்பு வராது.

அவர்களுக்கு இதையும் சொல்லு: சீனியர் பெண்கள் தேசியப் போட்டியைத் தமிழ்நாடு 2018-இலும் 2023-இலும் வென்றிருக்கிறது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர், நம் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர்.

கேள்வி (பழைய ஆட்டக்காரர், கோரிப்பாளையம்): எங்கள் காலத்தில் ஜூனியர்தான் சீனியருக்கு பூட் துடைப்பான், வலை தூக்குவான். அதில்தான் பணிவு வந்தது. இப்போது அதெல்லாம் போச்சே அண்ணே?

பதில்: போகட்டும் அண்ணே. எங்கள் அணியில் வலையும் கம்பமும் பிளஸ் டூ பசங்கதான் தூக்குகிறார்கள், கேப்டன் பந்துப் பையைச் சுமக்கிறான். அவனவன் பூட்டை அவனவன் துடைக்கிறான். ஆறாவது படிக்கிற வாண்டுகள் சும்மா வருவார்கள், இரண்டு வாரம் வேடிக்கை பார்ப்பார்கள், அப்புறம் கேட்காமலேயே ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரே தலைவலி, அவர்கள் உயரத்துக்கு வலை தரையில் இழுபட்டுக் கிழிகிறது. நல்ல நைலான் வலை மலிவாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.