கேளுங்க சொல்றேன்: மாமனார் சொல்ற ஹைட்ரஜன் கார்

கேள்வி: சார், அல்சூர்ல இருக்கோம், வீட்டுக்காரருக்கு ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி, போகவர நாப்பது கிலோமீட்டர் ஆகுது. வருஷத்துக்கு மூணு தடவை சேலம் போவோம். ஷோரூம்ல ஹைப்ரிட்ங்கறாங்க, என் தம்பி பிளக்-இன் ஹைப்ரிட்தான் வாங்கணும்ங்கறான், மாமனாரோ "பொறும்மா, ஹைட்ரஜன் கார் வந்துடும்"னு தடுக்கறார். யார் பேச்சைக் கேக்கறது?
- வாசகி, பெங்களூரு

பதில்: மேடம், முதல்ல ஷோரூம் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினும் கரண்ட் மோட்டாரும் சேந்து ஓட்டற வண்டி. இன்னோவா ஹைகிராஸ் மாதிரி வண்டில பேட்டரி சின்னது, பிரேக் அடிக்கறப்பவும் இன்ஜின் ஓடறப்பவும் அதுவே சார்ஜ் ஆகிக்கும், வயர் மாட்டற வேலையே இல்ல. சில்க் போர்டு நெரிசல்ல ஊர்ந்துக்கிட்டு இருக்கறப்ப பாதி நேரம் இன்ஜின் அணைஞ்சே கெடக்கும், அங்கதான் பெட்ரோல் மிச்சம்.

பிளக்-இன்ல பேட்டரி பெருசு, வீட்டு கரண்ட்ல ராத்திரி சார்ஜ் போட்டா உங்க நாப்பது கிலோமீட்டரும் பெரும்பாலும் கரண்ட்லயே ஓடிடும், சேலத்துக்கு பெட்ரோல் இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தினமும் மாட்டணுமே! மாட்டாம ஓட்டினா கனமான பேட்டரியை சும்மா தூக்கிட்டுப் போற பெட்ரோல் கார், அவ்ளோதான். ஐரோப்பிய கமிஷன் 2024ல வெளியிட்ட கணக்குல, இந்த வண்டிங்க ரோட்ல விடற கார்பன், லேப்ல காட்டினதைவிட சராசரியா மூணரை மடங்குன்னு வந்துச்சு. மக்கள் அங்கயும் சோம்பேறிதான்.

உங்க பார்க்கிங்ல சொந்தமா 15 ஆம்ப் பாயிண்ட் இருக்கா? என் நண்பர் ஒருத்தர் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் பாயிண்ட் போட விடலன்னு முதல் மாடி ஜன்னல்லேர்ந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போட்டார், காலைல பிளக்கைத் தொட்டா சுடுது, ஓரமெல்லாம் பழுப்பேறி பிளாஸ்டிக் உருகின வாடை வேற, அன்னிக்கே கழட்டி வெச்சுட்டார். அப்புறம் நம்ம நாட்டுல இதுவரைக்கும் பிளக்-இன் பெரும்பாலும் வால்வோ, பிஎம்டபிள்யூ மாதிரி விலை ஒசந்த வண்டிலதான் வந்திருக்கு, உங்க தம்பி பட்ஜெட்டையும் சேத்துச் சொன்னாரான்னு கேளுங்க.

மாமனார் விஷயத்துக்கு வரேன். 2022 மார்ச்ல மந்திரி நிதின் கட்கரி டொயோட்டா மிராய்ங்கற ஹைட்ரஜன் கார்ல பார்லிமெண்டுக்கு வந்தாரே, அந்த போட்டோவைப் பாத்திருப்பார்னு நெனக்கறேன். அந்த கார்ல ஹைட்ரஜன் எரியறதில்ல, பிளாட்டினம் பூசின மெல்லிசான சவ்வுல காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேந்து கரண்ட் ஆகுது, பின்னாடி தண்ணிதான் சொட்டும். அஞ்சு நிமிஷத்துல டேங்க் நெறைஞ்சிடும், எல்லாம் சரி. ஆனா தண்ணியைப் பிரிச்சு ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கவே 50 யூனிட்டுக்கு மேல கரண்ட் வேணும், அதுல மிராய் நூறு சொச்சம் கிலோமீட்டர் ஓடும். அதே 50 யூனிட்டை நேரா ஒரு எலக்ட்ரிக் கார் பேட்டரில ஏத்துங்க, 300 கிலோமீட்டர் தாராளமா ஓடும். மிராய் ஜப்பான்ல விற்பனைக்கு வந்தது 2014ல, பத்து வருஷம் கழிச்சுப் பாத்தா, கலிஃபோர்னியால ஷெல் கம்பெனி கார்களுக்கான ஹைட்ரஜன் பங்க்கையெல்லாம் 2024ல மூடிடுச்சு. லாரி, பஸ்ஸுக்கு வேணா இது பொருந்தலாம், டிப்போல ஒரு பங்க் இருந்தாப் போதும். உங்க காருக்காகக் காத்திருக்காதீங்க, சொந்த பாயிண்ட் இல்லன்னா சாதா ஹைப்ரிட்டே வாங்கிடுங்க, மாமனார்கிட்ட நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

கேள்வி: ஹைட்ரஜன் டேங்க் வெடிக்காதா?
- வாசகர், சிவாஜிநகர்

பதில்: நீங்க ஏறிப் போற சிஎன்ஜி ஆட்டோ சிலிண்டர்ல 200 பார் அழுத்தம் (ஒரு பார்னா ஏறக்குறைய நம்மைச் சுத்தி இருக்கற காத்தோட அழுத்தம்), இதுல 700 பார், பயம் நியாயம்தான். ஆனா டேங்க் கார்பன் ஃபைபர் சுத்தினது, லீக் ஆனா சென்சார் வால்வை மூடிடும். ஹைட்ரஜன் காத்தைவிட 14 மடங்கு லேசு, வெட்டவெளின்னா விர்ருன்னு மேல போயிடும். மூடின பேஸ்மெண்ட்ல கூரைக்கடில தங்கினாத்தான் வம்பு, அங்க காத்தோட்டம் கட்டாயம் வேணும்.