ஸ்கேனில் 4 நீர்க்கட்டி: ஹட்டன் தங்கச்சிக்கு

தங்கச்சி, அப்பாவுக்கு இருக்கிற சிறுநீரக நீர்க்கட்டி வியாதி உங்க ஸ்கேனிலயும் தெரியுது, ரெண்டு சிறுநீரகத்திலயும் சேர்த்து 4 கட்டி, வயசு 27, தோட்டத்துத் தண்ணிதான் காரணமான்னு கேட்டிருந்தீங்க. தண்ணி இல்ல. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் விவசாயிகளுக்கு வர்ற சிறுநீரக வியாதி வேற, இது பரம்பரை. பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண் பெண்ணுன்னு பார்க்காது. குடும்பத்தில ஒருத்தருக்கு இருந்து, 15–39 வயசுல மொத்தம் 3 கட்டி தெரிஞ்சாலே இதுதான்னு டாக்டர்மார் எடுத்துக்குவாங்க. அண்ணன் தம்பியையும் காட்டச் சொல்லுங்க.

கட்டியை எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, பிரஷரைப் பாருங்க. சிறுநீரகத்தைக் காப்பாத்துறதுல அதுதான் முக்கியம். எங்க அம்மாவுக்கும் இதே வியாதி. கொழுந்து எடுத்து இடுப்பு வலின்னு வருஷக்கணக்கா கடையில டிக்ளோஃபெனாக் வாங்கி முழுங்கினாங்க. இன்னைக்கும் எனக்கு ஆத்திரம். அது சிறுநீரகத்துக்கு ஆகாது, பனடோல் போதும். கருவாடு, ஊறுகாயைக் குறைங்க (எனக்கே கஷ்டந்தான்).

கல்யாணமாகி பிள்ளை நினைச்சா முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லுங்க, சில பிரஷர் மாத்திரை கர்ப்பத்துக்கு ஆகாது. திடீர்னு மண்டையைப் பிளக்கிற தலைவலி வந்தா தோட்ட டிஸ்பென்சரியில காத்திருக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்த வியாதிக்காரங்க சிலருக்கு மூளை ரத்தக்குழாயும் வீங்கும். இப்போதைக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில கண்டிக்கு அனுப்புற துண்டு வாங்கிக்கிட்டு கண்டியில சிறுநீரக டாக்டரைப் பாருங்க, அப்பாவோட பழைய ரிப்போர்ட்டையும் கொண்டு போங்க.