லாஜ்பத் நகர் ஆப்கான் உணவகங்களில் எதைக் கேட்டு வாங்கலாம்?

தில்லி லாஜ்பத் நகருக்குப் போனால் ஆப்கான் உணவகத்தில் என்ன சாப்பிடலாம், காரமே இருக்காதாமே என்று கேட்டிருக்கிறீர்கள். தில்லியில் வேலை பார்த்த காலத்தில் ஆசையோடு அடிக்கடி போன இடம் என்பதால் சொல்கிறேன். காரம் இருக்காது, உண்மைதான். அதைக் குறையாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

எல்லோரும் காபூலி புலாவைத்தான் சொல்வார்கள். நான் முதலில் மந்துவைச் சொல்வேன். மெல்லிய மாவுக்குள் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்து, கொழுக்கட்டைபோல் ஆவியில் வேகவைப்பது. அதன் மேல் பூண்டு கலந்த கெட்டித் தயிர், தக்காளியோடு வெந்த பருப்பு, கடைசியாக உலர்ந்த புதினாத் தூள். சூடான கறியும் குளிர்ந்த தயிரும் ஒரே வாயில் சேர்வதில்தான் அதன் ருசி. தட்டு வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தால் ஆறிவிடும்.

புலாவில் கறியைக் காணோமே என்று பதற வேண்டாம், சோற்றுக்கு அடியில் இருக்கும். மேலே தெரிவது வதக்கிய கேரட்டும் திராட்சையும். சிவக்க வதக்கிய வெங்காயத்தோடு கொதித்த கறிச்சாறு தருவதுதான் அந்தப் பழுப்பு நிறம். பிரியாணியை மனதில் வைத்துச் சாப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும்: கறித்துண்டை ஒதுக்கிவிட்டால் புலாவ் சைவமாகிவிடாது, சோறு வெந்ததே கறிச்சாற்றில். போரானி பஞ்சான் கேளுங்கள். பொரித்த கத்தரிக்காயும் தக்காளியும் பூண்டுத் தயிரும் சேர்ந்தது. ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட அருமையாக இருக்கும். உருளைக்கிழங்கு உள்ளே வைத்த மெல்லிய ரொட்டியான போலானியும் உண்டு.

லாஜ்பத் நகரே 1947 பிரிவினையில் வீடிழந்து வந்தவர்கள் குடியேறிய பகுதி. 1979-இல் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு அங்கிருந்தும் தில்லிக்கு மக்கள் வந்தார்கள். 2021-இல் தாலிபான் ஆட்சியைப் பிடித்தபோது இன்னும் பலர். சிகிச்சைக்காக வருபவர்களும் உண்டு. மருத்துவமனைக் கோப்புகளை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் குடும்பமாகச் சாப்பிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரைவிட்டு வந்தவர்கள் தேடிவரும் சாப்பாடு அது. அதில் மிளகாய் இல்லையே என்று கேட்க எனக்கு மனம் வந்ததில்லை. நீங்களும் முதல் தட்டையாவது அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள்.

தனியாகப் போகாதீர்கள், புலாவ் ஒருவரால் முடியாது. மூன்று பேராகப் போனால் ஒரு மந்து, ஒரு புலாவ், ஒரு போரானி, வேண்டிய அளவு ரொட்டி போதும். சாப்பிட்டு முடித்ததும் ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர் கேளுங்கள். பால் கலக்காமல் தருவார்கள்.