பார்வை நரம்பு வீக்கம்: ஒரு கண் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: கண்ணாடி மாற்றச் சென்றபோது இரண்டு கண்களிலும் நரம்பு வீங்கியிருப்பதாகக் கூறி, உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். எனக்குப் பார்வை நன்றாக இருக்கிறது, கண் அழுத்தமும் சரியாகவே உள்ளது. இவ்வளவு அவசரம் ஏன்?

பதில்: கண் அழுத்தம் வேறு, தலைக்குள் இருக்கும் அழுத்தம் வேறு. மூளையைச் சுற்றியுள்ள நீர் பார்வை நரம்பின் உறைக்குள்ளும் கண்ணின் பின்புறம் வரை பரவியிருப்பதால், தலைக்குள் அழுத்தம் கூடினால் நரம்பின் முனை வீங்குகிறது. அதற்கு மூளைக் கட்டியோ, மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவதோ காரணமாகலாம் என்பதால்தான் சிரைகளையும் காட்டும் ஸ்கேன் தேவைப்படுகிறது. ரத்த அழுத்தத்தையும் அன்றே பார்த்துவிட வேண்டும். அது எல்லை மீறி ஏறினாலும் நரம்பு வீங்கும். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிக்க முடிகிறது என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். இந்நோயில் பக்கப் பார்வையே முதலில் குறைவதால், பார்வைப் புலச் சோதனைதான் உண்மையைச் சொல்லும்.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. ஸ்கேனில் குறையில்லை, முதுகில் நீர் எடுத்துப் பார்த்ததில் அழுத்தம் 32 என்றார்கள். உடல் எடையைக் குறைக்கச் சொல்வது விளங்கவில்லை.

பதில்: பெரியவர்களுக்கு 25 செ.மீ. நீர் அளவுக்கு மேற்பட்டால் அது அதிகம். வேறு காரணம் எதுவும் கிடைக்காத இந்த உயர் அழுத்தம், எடை கூடிய இளம்பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைந்தாலே பலருக்கு வீக்கம் வடிவதைக் காண்கிறோம். அதுவரை நரம்பைக் காப்பதற்கே அசட்டசோலமைடு மாத்திரை. ஒன்றை மறக்காமல் விசாரியுங்கள்: முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரையோ, வைட்டமின் ஏ சார்ந்த மருந்தோ சாப்பிடுகிறாரா? அவையும் இதே நிலையை உண்டாக்கும். நோயாளிகள் தாமாக இதைச் சொல்வதில்லை.

கேள்வி: அசட்டசோலமைடு மாத்திரையால் விரல்கள் மரத்துப்போகின்றன. நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். அது எதிர்பார்க்கப்படும் விளைவுதான். சோடா சுவையற்றுப் போவதும் அப்படியே. சிறுநீரகக் கல் இருந்தவர் என்றால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கி, கண்ணை அசைத்தால் வலிக்கிறது. மாத்திரை போதாதா, ஸ்டீராய்டை ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்வது நரம்பு அழற்சி போலத் தெரிகிறது. 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வழக்கமான அளவு ஸ்டீராய்டை மாத்திரையாக மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பத் திரும்ப வந்தது கூடுதலாக இருந்தது. சிரை வழியே பெற்றவர்களுக்குப் பார்வை விரைவாகத் திரும்பியது.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. தலை சீவினால் வலி, மென்றால் தாடை வலி. நேற்று முதல் ஒரு கண் மங்கிவிட்டது. அடுத்த வாரம் அழைத்துச் செல்லலாமா?

பதில்: இன்றே அழைத்துச் செல்லுங்கள். நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் மறு கண்ணும் சில நாள்களுக்குள் பறிபோகலாம். ஆகையால் அந்தச் சந்தேகம் வலுவாக இருக்கையில், திசுப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமலே ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவோம்.